கான்சர் எண்டு சொன்ன பிறகு: மனப்பாரம் குறைய ஒரு பயிற்சி



டொக்டர் "கான்சர்" என்ற சொல்லைச் சொன்ன பிறகு அவர் பேசிய எதுவுமே காதில் விழவில்லை என்று பலர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாட்டில் எந்த மனிதருக்கும் அப்படித்தான். ஆனால் வந்து ஆறு மாதமும் ஆகாத ஒருவருக்கு அந்தச் சொல் வேறு விதமாகவும் விழுகிறது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரித் திகதி, மறுபக்கம் ஹியரிங் திகதி. குடும்பம் ஊரில், தான் இங்கே ஒரு பேஸ்மென்றில். பாஷை தெரியாது. யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்றும் தெரியாது.

இந்த நிலையில் ஆஸ்பத்திரி நேர்ஸ் உங்கள் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் தருவார். ஆங்கிலத்தில் "மைன்ட்ஃபுல்னெஸ்", பிரெஞ்சில் "பிளேன் கொன்சியான்ஸ்" என்று அதில் இருக்கும். யாரோ ஒருவர் கண்ணை மூடிச் சம்மணம் கட்டி இருக்கிற படமும் இருக்கும். அதைப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு இரண்டு பயம் வருகிறது. ஒன்று, "எனக்கு விசர் எண்டு நினைக்கினமோ?" மற்றது, "மருந்தில்லை, கைவிட்டிட்டினம், அதுதான் தியானம் செய்யச் சொல்லுகினம்." இரண்டும் இல்லை. கீமோவோ, ரேடியேஷனோ, ஒப்பரேஷனோ நடக்கிற ஆளுக்குத்தான் இதையும் தருகிறார்கள். அது என்ன, எவ்வளவு உதவும், எங்கே உதவாது, உங்கள் நிலைமைக்கு அதை எப்படி மாற்றிச் செய்யலாம் என்பதுதான் இந்த முறைப் பாடம்.

இது எங்கிருந்து வந்தது?

1979ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபட்-சின் என்பவர், டொக்டர்மார் இனிப் பெரிதாக ஒன்றும் செய்யமுடியாது என்று அனுப்பிய நாட்பட்ட நோவுக்காரருக்கு வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். பௌத்தத் தியானத்தில் இருந்தும் யோகாசனத்தில் இருந்தும் எடுத்து, சமயத்தை வெளியே விட்டுவிட்டு, பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டார். வாரத்தில் ஒரு நாள் இரண்டரை மணித்தியாலம் வகுப்பு, மற்ற நாட்களில் வீட்டில் முக்கால் மணித்தியாலப் பயிற்சி.

அதைப் புற்றுநோயாளருக்கு ஏற்றபடி மாற்றி ஆராய்ந்தவர்களில் முன்னோடிகள் கனடாக்காரர்கள். அல்பேர்ட்டா மாகாணத்தில் கல்கரி நகரத்துப் புற்றுநோய் நிலையத்தில் மைக்கல் ஸ்பெக்கா, லின்டா கார்ள்சன் என்ற உளவியலாளர்களும் அவர்களோடு வேலைசெய்தவர்களும் 2000ஆம் ஆண்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 90 நோயாளர்களைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே வகுப்பு, மற்றவர்கள் காத்திருக்கவேண்டும். ஏழு வாரம், வாரம் ஒன்றரை மணித்தியாலம். முடிவில், பயிற்சி செய்தவர்களுடைய மனக்குழப்பத்தின் அளவு 65 சதவீதமும், மன அழுத்தத்தின் அறிகுறிகள் 31 சதவீதமும் குறைந்திருந்தன. 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் மார்பகப் புற்றுநோய் வந்து மன உளைச்சலோடு இருந்த 271 பெண்கள் பங்குபற்றினார்கள். ஒன்றாக இருந்து மனம் விட்டுப் பேசும் குழுவைவிட, இந்தப் பயிற்சிக் குழுவில் மன அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது. மொன்றியலிலும் மக்கில் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா டொப்கின், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பெண்களோடு இதைச் செய்து பார்த்து 2008இல் எழுதியிருக்கிறார். 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டியில், பதகளிப்பும் மனச்சோர்வும் உள்ள புற்றுநோயாளருக்குச் சிகிச்சை நடக்கும்போதும் முடிந்த பிறகும் இதைக் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்தது மன உளைச்சல். கட்டி இல்லை. தியானம் கான்சரைச் சுகப்படுத்தும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அதுவும் காசு வாங்கிக்கொண்டு சொன்னால், எழும்பி வந்துவிடுங்கள். கீமோவை நிற்பாட்டச் சொல்பவர் சாமியாராக இருந்தாலும், பாஸ்டராக இருந்தாலும், தூரத்துச் சொந்தமாக இருந்தாலும் அவர் உங்கள் நண்பர் இல்லை. அதேபோல "நீ யோசிச்சு யோசிச்சுத்தான் உனக்கு இது வந்தது" என்று சொல்லும் ஆட்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். மன அழுத்தம் நேரடியாகப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. போரில் பட்டதற்காகவும், பயணத்தில் பட்டதற்காகவும் இப்போது நீங்கள் உங்களையே குற்றம் சொல்லத் தேவையில்லை.

"இது புத்த சமயம்தானே?"

இலங்கையில் இருந்து வந்தவர்கள் இதைக் கேட்பது எங்களுக்கு விளங்குகிறது. சிலருக்குப் புத்தர் சிலை என்றாலே பக்கத்தில் இருந்த காவலரண்தான் ஞாபகம் வரும். ஆனால் ஆஸ்பத்திரி வகுப்பில் சிலையும் இல்லை, வழிபாடும் இல்லை. மூச்சு எந்தச் சமயத்துக்கும் சொந்தமில்லை.

எங்களுக்கு இது புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல மருத்துவராக வேலைசெய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் மனம் நொந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, தியானம், ஜெபம் என்று எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான முறைகளையே சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தார். அவரவர் சமயத்துக்கு ஏற்ற சொல்லையே அவரவர் திருப்பித் திருப்பிச் சொல்லலாம் என்பது அவர் முறை. சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். ஆகவே டொலார்டில் இருக்கிற திருமுருகன் கோயிலில் ஒரு மூலையில் இருந்து கந்தனை நினைக்கிறதால் உங்கள் மனம் அடங்குகிறது என்றால், அதை விட்டுவிட்டு மைன்ட்ஃபுல்னெஸ் பழகவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஜெபத்தில் மனதை ஒரு சொல்லிலோ உருவத்திலோ கட்டுகிறோம். இந்தப் பயிற்சியில் இப்போது என்ன நடக்கிறதோ அதையே பார்க்கிறோம். கால் குளிர்கிறது, வயிறு பிரட்டுகிறது, "நான் செத்தால் பிள்ளையள் என்ன செய்யும்" என்ற யோசினை வருகிறது. வந்ததை வந்தது என்று கண்டுகொண்டு, அதோடு சண்டை பிடிக்காமல், திரும்ப மூச்சுக்கு வருகிறது. யோசினையை நிற்பாட்டுகிறது இல்லை இதன் வேலை. யோசினை வரும். அதன் பின்னால் ஒவ்வொரு தடவையும் ஓடவேண்டியதில்லை என்று பழகுகிறது, அவ்வளவுதான்.

சொல்ல இலகு. செய்யக் கஷ்டம். முதல் கிழமை ஒருத்தருக்கும் சரிவராது.

பயிற்சியைத் தொடங்க முன்பு: உங்களுக்கு மட்டும் உரிய ஒரு எச்சரிக்கை

வகுப்பில் "கண்ணை மூடுங்கள், உடம்பைக் காலில் இருந்து தலைவரை ஒவ்வொரு பகுதியாகக் கவனியுங்கள்" என்று சொல்வார்கள். அடி வாங்காத உடம்புக்கு அது நல்லது. தடுப்பில் இருந்தவர், சித்திரவதைப்பட்டவர், ஷெல்லடியில் பங்கருக்குள் கிடந்தவர், வன்முறைக்கு உள்ளான பெண் ஆகியோர் கண்ணை மூடி உடம்புக்குள் போனால், பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடக்கூடும். நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், அந்த மணம்கூட மூக்கில் வரும். இது உங்கள் பலவீனம் இல்லை. தியானம் "சரிவராத ஆள்" என்றும் அர்த்தம் இல்லை. முறையை மாற்றவேண்டும், அவ்வளவே.

கண்ணைத் திறந்தபடி செய்யுங்கள். கதவு தெரியும்படி இருங்கள். உடம்புக்கு உள்ளே பார்ப்பதற்குப் பதில் உடம்புக்கு வெளியே பாருங்கள்: பாதம் நிலத்தில் படுகிறது, கை கதிரையில் படுகிறது, யன்னலுக்கு வெளியே மரம். பழைய காட்சி வந்தால் பயிற்சியை விட்டுவிடுங்கள். எழும்பி முகம் கழுவுங்கள், இன்றைய திகதியையும் நீங்கள் இருக்கிற தெருவின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "இது மொன்றியல். நான் பியர்பொன்ட்ஸில் இருக்கிறன்." வகுப்பு நடத்துபவருக்கு உங்கள் கதை முழுவதையும் சொல்லத் தேவையில்லை. "கண்ணை மூட எனக்கு விருப்பமில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

நுரையீரலில் நோய் உள்ளவர்களும், மூச்சு வாங்கும் ஆட்களும் மூச்சைக் கவனித்தால் பயம் கூடலாம். அவர்கள் பாதத்தையோ ஒரு சத்தத்தையோ பிடித்துக்கொள்ளலாம். சத்தத்திலும் ஒரு விஷயம். மொன்றியலில் பனி அள்ள வருவதற்கு முன்னர், தெருவில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லிச் சைரன் ஊதிக்கொண்டு வாகனம் போகும். இரவிலும் வரும். முதல் மாரிகாலத்தில் அதைக் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே போனவர்களும் இருக்கிறார்கள். அது பனிக்கானது என்று தெரிந்திருப்பதே பாதி மருந்து.

ஐந்து நிமிடப் பயிற்சி

முக்கால் மணித்தியாலம் தனியாக இருக்க உங்களுக்கு எங்கே இடம்? இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது பாத்ரூமில்கூட அவ்வளவு நேரம் இருக்க விடமாட்டார்கள். அதனால் ஐந்து நிமிடத்தில் தொடங்குவோம். தினமும் ஒரே நேரம் நல்லது. சாப்பிட்ட கையோடு வேண்டாம்.

கதிரையில் இருங்கள். நிலத்தில் சம்மணம் கட்டத் தேவையில்லை, களைப்பாக இருந்தால் படுத்தும் செய்யலாம். இரண்டு பாதமும் நிலத்தில். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தி நிலத்தில் ஒரு இடத்தைப் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கவேண்டாம், இது பிராணாயாமம் இல்லை. தன்பாட்டில் வந்து போகிற மூச்சு மூக்கு நுனியிலோ வயிற்றிலோ எங்கே தெரிகிறதோ அங்கே கவனம். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. நாலு மூச்சுக்குள் மனம் ஓடிவிடும். லோயர் என்ன சொன்னார், ஸ்கான் முடிவு எப்ப வரும், அம்மாவுக்குச் சொல்லுறதோ இல்லையோ. ஓடிவிட்டது என்று கண்ட உடனே, மனதுக்குள் "யோசினை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்ப மூச்சுக்கு வாருங்கள். இருபது தடவை ஓடினால் இருபது தடவை திரும்புங்கள். திரும்புகிறதுதான் பயிற்சி. ஓடாத மனம் யாருக்கும் இல்லை.

இதுவும் முடியாத நாள் வரும், கீமோ முடிந்து இரண்டாம் மூன்றாம் நாள் போல. அன்றைக்குப் பிளேன்ரீ போதும். கோப்பையின் சூடு கையில் படுகிறதைக் கவனியுங்கள். ஆவியைப் பாருங்கள். மணம் வயிற்றைப் பிரட்டினால் தள்ளி வையுங்கள். வாய்ப்புண் இருந்தால் நன்றாக ஆறவிட்டு ஒரு மிடறு குடித்து, அது தொண்டையால் இறங்குகிறதைக் கவனியுங்கள். அந்த ஒரு மிடறு நேரம் நீங்கள் ஆஸ்பத்திரியிலும் இல்லை, ஹியரிங்கிலும் இல்லை.

நடக்கக்கூடியவர்களுக்கு நடை இன்னும் நல்லது. குவான் வீதியில் ஆற்றுப் பக்கமாகவோ, கப்-சென்-ஜாக் பூங்காவிலோ மெதுவாக நடந்து, ஒவ்வொரு காலும் நிலத்தில் படுகிறதைக் கவனியுங்கள். பனிக்காலத்தில் வழுக்கும். அப்போது வீட்டுக் கொரிடோரே போதும். இருந்து தியானம் செய்ய ஏலாத ஆம்பிளையளுக்கு இந்த நடை ஒத்துவருகிறது என்று எங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

ஸ்கான் மெஷினுக்குள் படுத்திருக்கும்போதும், ஊசி ஏற நரம்பு தேடும்போதும் இதே பயிற்சி கைகொடுக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் முதன்முதலாகச் செய்து பார்க்கக்கூடாது. வீட்டில் பத்து நாளாவது பழகியிருக்கவேண்டும்.

மூச்சால் தீராத பயங்கள்

இரவில் நித்திரை வராமல் பண்ணும் யோசினைகளில் சில, தியானத்தால் தீருகிறவை இல்லை. தகவல் தெரிந்தால் தீருகிறவை. அவற்றை முதலில் தீர்த்துவிடுங்கள்.

"கான்சர் எண்டு தெரிஞ்சால் என்ர கேஸை றிஜெக்ற் பண்ணிவிடுவினமோ?" இதற்காகவே வருத்தத்தை மறைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அகதிக் கோரிக்கையை விசாரிக்கும் சபை பார்ப்பது, நாட்டுக்குத் திரும்பினால் உங்களுக்கு ஆபத்து இருக்கிறதா என்பதை. நோய்க்கு அதிகம் செலவாகும் என்ற காரணத்துக்காக நிரந்தர வதிவிடத்தை மறுக்கும் சட்டப் பிரிவு, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்குப் பொருந்தாது. ஆகவே டொக்டருக்கு உண்மையைச் சொல்லுங்கள், லோயருக்கும் சொல்லுங்கள்.

"ஹியரிங் அன்றைக்குக் கீமோ வந்தால்?" திகதி மாற்றக் கேட்கலாம். டொக்டர் கையெழுத்தும் திகதியும் வைத்த மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வாய்வார்த்தை எடுபடாது. அறிந்த உடனே லோயரிடம் கொடுங்கள், கடைசி நாள்வரை வைத்திருக்காதீர்கள். மருந்தால் ஞாபகம் மங்குகிறது, திகதிகள் மாறிப்போகிறது என்றால் அதையும் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். விசாரணையில் அது முக்கியம்.

"செலவு?" கோரிக்கையாளர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது, பிரெஞ்சில் பி.எவ்.எஸ்.ஐ. என்பார்கள். 2012இல் வெட்டி, 2016 ஏப்ரலில் திரும்ப முழுதாகக் கொடுத்த திட்டம் அதுதான். டொக்டர், ஆஸ்பத்திரி, புற்றுநோய்ச் சிகிச்சை அதில் அடங்கும். மருந்து, உளவியலாளர் போன்ற மேலதிகச் சேவைகளுக்கு நோயாளியும் ஒரு பங்கு கட்டும் முறை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. எனவே பார்மசியில் முதலே கேட்டுவிட்டு வாங்குங்கள். கட்ட முடியாவிட்டால் மருந்தை விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிச் சமூக சேவையாளரிடம் போங்கள்.

எங்கே போகலாம்?

பியர்பொன்ட்ஸுக்குப் பக்கத்தில் கேர்க்லன்டில், புற்றுநோயாளருக்கென்றே வெஸ்ற் ஐலன்ட் கான்சர் வெல்னெஸ் சென்ரர் இருக்கிறது. யூத பொது ஆஸ்பத்திரியோடு சேர்ந்த "ஹோப் அன்ட் கோப்" 1981ஆம் ஆண்டில் இருந்து இயங்குகிறது. வான்டோம் மெற்றோவுக்குப் பக்கத்தில் உள்ள கிளென் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுபவர்களுக்குச் "சீடர்ஸ் கான்சப்போர்ட்" உண்டு. மூன்றிலும் நோயாளர் ஆதரவுச் சேவைகளுக்குக் காசு வாங்குவதில்லை. தியான வகுப்பு எப்போது, எந்த மொழியில் என்று போன் எடுத்துக் கேளுங்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோதான் நடக்கும். பாதி விளங்கினாலும் போய் இருக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அங்கே தலைமயிர் கொட்டிய இன்னொருவர் பக்கத்தில் இருப்பார், அதற்குப் பாஷை தேவையில்லை. கனடியப் புற்றுநோய்ச் சங்கத்தின் 1-888-939-3333 இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் மூலமும் பேசலாம்.

நோவு கூடினால் தியானம் செய்து தாங்கிக்கொண்டு இருக்கவேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள். கீமோ நடக்கும் காலத்தில் 38 பாகைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசரம், விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரி தந்த இலக்கத்துக்கு அடியுங்கள், இல்லாவிட்டால் எமர்ஜென்சிக்குப் போங்கள். சாவதே மேல் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் 988க்கு எந்த நேரமும் அடிக்கலாம். 811 அடித்து இரண்டை அமத்தினால் சமூக சேவையாளர் ஒருவர் வருவார், அதுவும் இருபத்துநாலு மணித்தியாலமும்.

கடைசியாக மொழிபெயர்ப்பு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், அதன் வாயால் "அம்மாவுக்குக் கான்சர் பரவியிட்டுதாம்" என்று சொல்ல வைக்காதீர்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி சொந்தக்காரர் மொழிபெயர்த்தாலும் பாதியை மறைத்துவிடுவார்கள். திகதி எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிடம் கேளுங்கள். போனில் சொல்லவேண்டிய வசனம் இதுதான், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்: "ஜே பெஸ்வான் தன் அன்தெர்ப்ரெத் தமூல், சீல் வூ ப்ளே." எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை, தயவுசெய்து என்று அர்த்தம். அவர்கள் திரும்ப ஏதாவது கேட்டால், உங்கள் பெயரையும் ஆஸ்பத்திரி அட்டை இலக்கத்தையும் மெதுவாகச் சொல்லுங்கள்.